பழைய பீக்கன் லைட் (சுழல்விளக்கு) இருந்தால் எடைக்கு விற்காதீர்கள்: திருகோணமலையில் அடையாளம் பார்த்து விலை சொல்லும் ஒரு வயறிங் கடை

வீட்டிலோ கராஜிலோ தோட்டத்துக் கொட்டிலிலோ பழைய அம்புலன்ஸ் லைட், பொலிஸ் ஜீப்பின் நீல லைட், பயர் பிரிகேட் லொறியின் சிவப்புச் சுழல்விளக்கு என்று ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கும் இந்த வயறிங் கடைக்கு ஒருமுறை கொண்டு போங்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஓட்டோவுக்கு ஹோர்ன் பூட்டுகிற, பற்றரி சார்ஜ் போடுகிற சாதாரண கடைதான். உள்ளே பின் அறையில் கூரை வரைக்கும் ராக்கை, அதில் முழுக்கச் சுழல்விளக்குகள். கடைக்கார நானாவுக்குச் சொந்த ஊர் கிண்ணியா, தொழில் வாகன மின்வேலை, மனம் முழுக்க இந்த விளக்குகளில். இது எந்த நாட்டில் செய்தது, எந்தக் காலத்து, எவ்வளவு பாகம் அசல், விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வதை அவர் ஒரு சேவையாகவே செய்கிறார். பார்த்து வாயால் சொல்ல 1000 ரூபா, கடதாசியில் எழுதிப் படத்தோடு தர 2500 ரூபா. திருத்த வேலை தனிக் கணக்கு. நான் இரண்டு லைட் கொண்டு போனேன், இரண்டுக்கும் எழுதி வாங்கினேன். கொடுத்த காசு எனக்குத் திருப்தி. குறைகளும் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தச் சாமான் ஏன் இவ்வளவு கிடக்கிறது என்றால் காரணம் இருக்கிறது. துறைமுகம், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள், ஆஸ்பத்திரி, நகரசபை என்று பழைய காலத்தில் இருந்தே விளக்கு பூட்டிய வண்டிகள் ஓடிய ஊர் இது. வண்டி கழிந்ததும் ஏலத்தில் போகும், வாங்கியவர் எஞ்சினையும் டயரையும் கழற்றிக்கொண்டு மேலே இருந்த லைட்டை ஒரு மூலையில் எறிந்துவிடுவார். பிறகு அது கிலோக் கணக்கில் போகும். வார்ப்பு அலுமினிய அடித்தட்டு உருகுவதற்கு, குரோம் வளையம் குப்பைக்கு, கண்ணாடி மூடி உடைந்து மண்ணுக்கு. அறுபது வருடம் தாங்கிய ஒரு பொருள் அரை மணித்தியாலத்தில் இல்லாமல் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இவரிடம் எனக்கு முதலில் பிடித்தது, லைட்டை வாங்கியதும் பற்றரியில் கொடுத்துப் பார்க்க ஓடாததுதான். மற்றக் கடைகளில் முதல் வேலையே அதுதான், "ஓடுதா பார்ப்பம்" என்று 12 வோல்ட்டில் தொட்டுவிடுவார்கள். 6 வோல்ட் மோட்டார் என்றால் அதோடு சரி. இவர் ஒரு பழைய துவாயை மேசையில் விரித்து, லைட்டைக் கவிழ்த்துவைத்து, அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார். "தம்பி, மூடி அழகுக்கு, தகடுதான் சாட்சி" என்றார். பெயர்த்தகட்டில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் லென்ஸ் பிடித்து வாசித்து ஒரு கொப்பியில் எழுதுகிறார்.

தகட்டில் இருந்து காலத்தைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அமெரிக்க விளக்கு என்றால் கொம்பனி முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த எண் முறை அங்கே 1963இல்தான் வந்தது, ஆகவே எண் இருந்தால் அந்தத் தகடு அதற்குப் பிந்தியது. பெடரல் என்ற அமெரிக்கக் கொம்பனியின் விளக்கு என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. பழைய தகடுகளில் "பெடரல் சைன் அண்ட் சிக்னல்" என்று இருக்கும், 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு "பெடரல் சிக்னல்" மட்டும்தான். ஜேர்மன் விளக்கில் "மேற்கு ஜேர்மனியில் செய்தது" என்று பொறித்திருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது, வேறு பேச்சே இல்லை. அந்த நாட்டுப் பழைய விளக்குகளில் அலை மாதிரி ஒரு குறியும் பக்கத்தில் கே எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், அது அவர்களுடைய அரசாங்க அனுமதி முத்திரை. பிறகு வந்தவற்றில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும்: 1 என்றால் ஜேர்மனியில் அனுமதி கொடுத்தது, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 ஐக்கிய இராச்சியம். அனுமதி கொடுத்த நாடுதான் செய்த நாடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். எச்சரிக்கை விளக்குகளுக்கென்று தனியாக இருக்கும் ஐரோப்பிய 65ஆம் விதி 1986இல்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே அந்த விதியின்படி முத்திரை குத்திய விளக்கை யாராவது "அறுபதாம் ஆண்டுச் சாமான்" என்று விற்க வந்தால் பேசாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

பல்ப் கவ்வியும் இப்படித்தான். எச் 1 என்ற ஹலஜன் பல்ப் 1962இல் வந்தது. அந்தப் பல்புக்கென்றே செய்த கவ்வி உள்ளே இருந்தால் விளக்கு அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. துணி பின்னிய வயரா, பிளாஸ்டிக் வயரா, ஆணித் தலையில் ஒற்றைக் கோடா, சிலுவைக் கோடா, புரி அங்குலக் கணக்கா, மில்லிமீற்றர் கணக்கா, எல்லாவற்றையும் பார்க்கிறார். இதில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. ஆணியை யாரும் மாற்றியிருக்கலாம், வயரை எங்கள் ஊர்க்காரரே மாற்றியிருப்பார்கள். நாலைந்து அடையாளம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அவர் எழுதுகிறார், இல்லாவிட்டால் "தெளிவில்லை" என்றே எழுதித் தருகிறார். விலை ஏறட்டும் என்று ஒரு காலத்தை இழுத்து ஒட்டுகிற ஆள் இல்லை.

நான் கொண்டு போன முதல் விளக்கு அம்மப்பாவுடையது. அவர் டொக்யார்டில் வேலை செய்தவர். "வெள்ளைக்கார நேவி போகும்போது விட்டுட்டுப் போனது" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை அது, யப்பான்காரன் 1942 ஏப்ரலில் குண்டு போட்டபோது டொக்யார்டுக்குள் ஓடிய வண்டியில் இருந்தது என்று பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போவார். நீல மூடி, உள்ளே லூகாஸ் என்ற இங்கிலாந்துக் கொம்பனியின் பெயர். நானா அடிப்பக்கத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்: உலோகத்தில் 3 என்றும் 65 என்றும் சின்னதாகக் குத்தியிருந்தது. லூகாஸ் கொம்பனி தன்னுடைய பல மின்பாகங்களில் மாதத்தையும் வருடத்தையும் இப்படிக் குத்தும் வழக்கம் இருந்தது, ஆக இது 1965 மார்ச். பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது 1957இல். அதோடு இன்னொன்றையும் விளங்கப்படுத்தினார். இங்கிலாந்தில் அவசர வண்டிகளுக்கு நீலச் சுழல்விளக்கு வந்ததே 1960களின் தொடக்கத்தில்தான், அதற்கு முன் அங்கே பொலிஸ் காரின் முன்னால் குரோம் பூசிய மின்மணிதான் அடித்துக்கொண்டு போனது. ஆகவே எங்கள் பக்கத்தில் யார் நீலச் சுழல்விளக்கைக் காட்டி "யுத்தகாலத்து நேவி லைட்" என்றாலும் அது பொருந்தாது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தக் கதை போனதால் விளக்கின் மதிப்புக் குறையவில்லை. நானா சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் பட்டது: விஷயம் தெரிந்த வாங்குபவர் தகட்டைப் பார்த்த அடுத்த நிமிடமே காலத்தைக் கணித்துவிடுவார், நீங்கள் சொன்ன கதை பொய் என்று தெரிந்தால் மோட்டார் அசல் என்று நீங்கள் சொல்வதையும் அவர் நம்பமாட்டார். 1965இல் இங்கிலாந்தில் செய்து, சுதந்திர இலங்கையின் ஏதோ ஒரு அரசாங்க வண்டியில் ஓடி, பெயர்த்தகடும் மூடியும் மோட்டாரும் ஒன்றும் மாறாமல் மிஞ்சியிருக்கும் விளக்கு என்பதே போதுமான பெருமை. கடதாசியில் அப்படியே எழுதித் தந்தார். "குடும்பத்தார் சொல்லும் வரலாறு" என்று தனியாக ஒரு வரி போட்டு, அது தேதிக் குத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும் குறித்திருந்தார். இந்த நேர்மைக்கே 2500 ரூபா கொடுக்கலாம்.

அடுத்தது மூடி. விலையில் பாதிக்கு மேல் இதில்தான் நிற்கிறது என்று அவர் சொல்கிறார், நான் பார்த்த அளவிலும் அப்படித்தான். பழையவற்றில் கண்ணாடி, பிறகு அக்ரிலிக், அதற்கும் பிறகு பொலிகாபனேற். கண்ணாடி என்றால் பாரம் தெரியும், தொட்டால் குளிரும், நகத்தால் தட்டினால் கணீர் என்று கேட்கும். அசல் கண்ணாடி மூடி வெடிப்பில்லாமல் இருந்தால் அதைத் தனியாகவே வாங்க ஆள் உண்டு. அக்ரிலிக்கின் எதிரி வெயிலும் தின்னரும். நான் நிற்கும்போதே ஒருவர் ஒரு சிவப்பு விளக்கைக் கொண்டுவந்தார், அழகாகத் தெரியட்டும் என்று வீட்டில் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார், மூடி முழுக்க மயிரிழை மயிரிழையாக உள்வெடிப்பு. அது திரும்ப வராது, பொலிஷ் போட்டாலும் போகாது, ஏனென்றால் வெடிப்பு மேல்தோலில் மட்டும் இல்லை. பெற்றோல், தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும் என்பது இவருடைய கண்டிப்பான கட்டளை. பொலிகாபனேற் மூடி எளிதில் உடையாது, ஆனால் வருடக் கணக்கில் வெயில் பட்டால் மஞ்சளாகி மங்கிவிடும். எங்கள் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்.

புதிதாகச் செய்த நகல் மூடிகளும் வருகின்றன. பெயர்பெற்ற அமெரிக்க மொடல்களுக்கு அங்கேயே நகல் செய்து விற்கிறார்கள், அதில் தவறில்லை, நகல் என்று சொல்லி விற்றால் சரி. எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். அறுபது வருட விளக்கில் அடித்தட்டு முழுக்க அரிப்பும் கீறலும் இருக்கும்போது மூடி மட்டும் நேற்றுச் செய்தது மாதிரி மின்னினால் சந்தேகப்படு, மூடியின் விளிம்பில் வார்த்த எழுத்து இருக்கிறதா பார், ரப்பர் வளையம் உட்கார்ந்த தடம் மூடியின் உள்விளிம்பில் பதிந்திருக்கிறதா பார் என்றார். அந்தத் தடம் போலியாகச் செய்வது கஷ்டம்.

பொறிக்கு வருவோம். ஐரோப்பிய விளக்குகளில் பெரும்பாலும் நடுவில் பல்ப் அசையாமல் நிற்கும், அதைச் சுற்றி றிப்ளெக்டர் சுழலும். பழைய அமெரிக்க விளக்குகள் பலவற்றில் விளக்குகளே ஒரு தட்டில் சேர்ந்து சுழலும், கண்ணாடியும் இழையும் றிப்ளெக்டரும் ஒன்றாய் அடைத்த சீல்ட் பீம் விளக்குகள், சுழலும் தட்டுக்குக் கரண்ட் போக வளையமும் காபன் பிரஷும் இருக்கும். பெடரல் கொம்பனி 1948இல் கொண்டுவந்த பீக்கன் ரே என்ற விளக்குத்தான் கூரையில் நின்று சுற்றிவர ஒளி வீசும் விளக்குகளுக்கு வழிகாட்டி, முதல் மொடல் 17, பிறகு 173, 174, 175 என்று எண் நீளும். நானாவின் ராக்கையில் ஒரு பீக்கன் ரே இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. பக்கத்திலேயே டீட்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனியின் விளக்கும் ஒன்று. அரிக்கன் லாம்பு செய்து உலகம் முழுக்க விற்ற அதே டீட்ஸ்தான். எங்கள் வீட்டு அரிக்கன் லாம்பில் வாசித்த அந்தப் பெயரை ஒரு பயர் எஞ்சின் விளக்கில் பார்த்தபோது எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் வோல்ட்டை உறுதிப்படுத்துகிறார். பல்பின் அடியில் உள்ள எழுத்தை நம்புவதில்லை, யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம், மோட்டார்த் தகட்டையும் சுருளின் தடையையும் பார்க்கிறார். லொறியில் இருந்து வந்தவை பெரும்பாலும் 24 வோல்ட். அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுப்பகுதி வரைக்கும் 6 வோல்ட்டில் ஓடின, ஆகவே 6 வோல்ட் அமெரிக்க விளக்கு என்றால் அதுவே ஒரு காலக் குறிப்பு. பழைய இங்கிலாந்து வண்டிகளில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கத்தைத்தான் வண்டியின் உலோக உடலோடு இணைப்பார்கள், அதை யோசிக்காமல் கொடுத்தால் நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். நிரந்தரக் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச் சுருளையே காந்தமாகத் தொடராக இணைத்த மோட்டார் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுழலும். பிறகு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றக்கூடிய ஒரு சப்ளையில் போட்டு, பூச்சியத்தில் இருந்து மெதுவாகக் கூட்டுகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். பல்லுச் சக்கரம் தேய்ந்த சத்தம், தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்த கிறீச்சு, பெல்ட் நழுவுகிற சத்தம் எல்லாம் அவருக்கு வேறு வேறாகத் தெரிகிறது.

எங்கள் ஊரில் திருத்திய விளக்குகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு விஷயம் கசெட் பிளேயர் மோட்டார். அசல் மோட்டார் எரிந்ததும் கையில் கிடைத்த 12 வோல்ட் கசெட் மோட்டாரை ஒட்டிவிடுவார்கள், மெதுவாக, சீராகச் சுழலும், பார்ப்பவருக்குச் சந்தோஷம், வாங்குபவருக்கு நட்டம். என்னுடைய இரண்டாவது விளக்கில் அதுதான் இருந்தது. அதை அவர் கடதாசியில் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்.

உப்புக்காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அலஸ்தோட்டம், உப்புவெளி, திருக்கடலூர் பக்கம் வெளியில் கிடந்த விளக்குகளில் அலுமினியத்தில் வெள்ளைப் பூ பூத்திருக்கும், பித்தளையில் பச்சை ஏறியிருக்கும், ஆணிகள் இறுகி உடையும். 2004 சுனாமித் தண்ணீரில் கிடந்தவையும் இன்னும் வருகின்றனவாம். அவற்றை வெளியில் கழுவித் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டுவருவார்கள், அடித்தட்டைக் கழற்றினால் சுருளுக்குள் உப்பு. இவர் ஆணியைப் பலவந்தமாகத் திருகுவதில்லை, துரு இளகும் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் ஊறவிடுகிறார். அவசரக்காரருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்தது, அசல் ஆணி ஒன்று உடைந்தால் அதே புரியில் இன்னொன்று இங்கே எங்கே தேடுவது?

பெயின்ற் அடிக்கச் சொன்னாலும் அடிக்கமாட்டார். அசல் பெயின்ற் உரிந்திருந்தாலும் அப்படியே விடு, குரோமைச் சாணை பிடிக்காதே, தகட்டைச் சீலை கொண்டு தேய்த்து எழுத்தை அழித்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தேய்மானம் விலையைக் குறைக்கும், ஆனால் தவறான புதுப்பிப்பு அதைவிடக் கூடுதலாகக் குறைக்கும். இதில் நானும் அவர் பக்கம்தான்.

விலை சொல்லும் முறை நியாயமானது. ஒரே தொகை சொல்வதில்லை, கீழ் எல்லை மேல் எல்லை இரண்டும் எழுதுகிறார். கீழ் எல்லை என்பது இன்றைக்கே கொழும்பில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கொடுத்தால் கிடைப்பது, மேல் எல்லை என்பது பொறுமையாக இருந்து சேகரிப்பவர் ஒருவரிடம் நேரடியாக விற்றால் கிடைக்கக்கூடியது. இணையத்தில் யாரோ கேட்கும் விலையை அவர் கணக்கில் எடுப்பதே இல்லை, உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பார்க்கிறார். கேட்கும் விலைக்கு எல்லை கிடையாது, வருடக் கணக்காக விற்காமல் கிடக்கும் ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு நம்முடையதும் அதே என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கிறது. என் லூகாஸ் விளக்குக்கு 25,000 முதல் 40,000 ரூபா என்று எழுதினார். கசெட் மோட்டார் போட்ட இரண்டாவது, யப்பான் சிவப்பு விளக்கு, அதற்கு 3,000 முதல் 5,000. அதே யப்பான் விளக்கு அசல் மோட்டாரோடு இருந்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன், கொஞ்சம்தான் கூடும் என்றார்.

இந்த இடத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்க, இங்கிலாந்து, ஜேர்மன் விளக்குகளுக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே விலை உண்டு, அது விளங்குகிறது. ஆனால் எங்கள் நாட்டில் கடந்த சில பத்தாண்டுகள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற வான்களில் பெரும்பாலானவை யப்பான் வண்டிகள், அவற்றின் தலையில் சுழன்றவை பட்லைட் மாதிரியான யப்பான் விளக்குகள். ஒசாக்காவின் சசாக்கி இலெக்ட்ரிக் கொம்பனிதான் பிறகு தன் விளக்கின் பெயரையே கொம்பனிப் பெயராக்கிப் பட்லைட் ஆனது, பழைய பெயர் உள்ள தகடுகளைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூதூரில் இருந்தோ வெருகலில் இருந்தோ நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியின் விளக்கு எங்களுக்கு முக்கியம் இல்லையா? "தம்பி, நான் சந்தை விலை சொல்றன், நீங்க மனசு விலை சொல்றீங்க" என்றார். சரி, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சந்தை விலை கேட்டுத்தான் நான் போனேன். ஆனாலும் யப்பான் விளக்குகளை அவர் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடிப்பதை மாற்றிக்கொள்ளவேண்டும், கட்டணம் ஒன்றுதானே.

நிறத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நீலம் என்றால் பொலிஸ், சிவப்பு என்றால் அம்புலன்ஸ் என்று நினைத்துக்கொண்டு வந்து விலை பேசாதீர்கள். நாட்டுக்கு நாடு வேறு, காலத்துக்குக் காலம் வேறு. ஜேர்மனியில் நீலம் 1938இலேயே வந்துவிட்டது, வான்தாக்குதல் இருட்டடிப்புக் காலத்துக்கு நீல ஒளி மேலிருந்து பார்ப்பவருக்குத் தூரத்தில் தெரியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். யப்பானில் அவசர வண்டிகளுக்குச் சிவப்பு. செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கிரேன், இழுவை வண்டி, விமானத்தள வேலை வண்டி, அது அவசர வண்டி விளக்கே இல்லை, விலையும் பொதுவாகக் குறைவு. போதாததற்கு மூடியை மாற்றிப் போடுவது ஐந்து நிமிட வேலை, செம்மஞ்சள் விளக்குக்கு நீல மூடி போட்டு விற்பவர்கள் உண்டு.

விளக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார், சும்மா கேட்கவில்லை. ஏல ரசீது, வண்டியின் பழைய புத்தகம், விளக்கு பூட்டியிருந்த காலத்துப் புகைப்படம் ஏதாவது இருந்தால் கொண்டு போங்கள், அதனாலேயே விலை கூடும். அரசாங்கச் சாமான் எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்லமுடியாதவர்களின் விளக்கை இவர் வாங்கவும் மாட்டார், எழுதித் தரவும் மாட்டார். வாங்கிய விளக்கைச் சொந்த வாகனத்தில் பூட்டிக்கொண்டு ஓடலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம், பொலிஸ் பிடிக்கும், வழக்கு வரும். அலுமாரியில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். பளிச் பளிச் என்று வெட்டி மின்னும் செனன் ஸ்ட்ரோப் வகை கிடைத்தால் வீட்டில் திறக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் கப்பாசிற்றரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், பற்றரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். அதை மட்டும் அவரிடமே திறக்கக் கொடுங்கள்.

இனிக் குறைகள். மிகவும் தாமதம். "அடுத்த கிழமை" என்றால் அடுத்த கிழமை இல்லை, நடுவில் யாராவது ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தால் உங்கள் விளக்கு ஓரத்துக்குப் போகும், ஓட்டோக்காரருக்கு அது அன்றைய பிழைப்பு என்பதால் நான் கோபிக்கவில்லை, ஆனால் தேதி சொல்லாமல் விடலாம். தொலைபேசி எடுப்பது அபூர்வம். கடதாசியில் எழுத்துத் தெளிவு, ஆனால் படங்கள் இருட்டு, பின் அறையின் ஒற்றை ரியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வேறு எப்படி இருக்கும்? தகட்டைப் பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப் பொதி கட்டித் தருவதில்லை. என் சிநேகிதர் ஒருவர் வேறொரு இடத்தில் பொதி கட்டி அனுப்பிய கண்ணாடி மூடி போய்ச் சேரும்போது தூளாக இருந்தது, மூடியை அடித்தட்டில் இருந்து கழற்றித் தனிப்பெட்டியில் போடாததுதான் காரணம். பேரம் பேசவும் இடமில்லை, 1000 என்றால் 1000. உட்கார ஒரு ஸ்ரூல், அதிலும் பற்றரி இருக்கும்.

இன்னொன்று, இவரே விளக்கு வாங்குபவரும்தான். விலை சொல்பவரே வாங்குபவராக இருந்தால் குறைத்துச் சொல்வாரோ என்ற கேள்வி எனக்கும் வந்தது, நேரடியாகவே கேட்டேன். தான் எழுதித் தந்த விளக்கைத் தான் வாங்குவதில்லை என்பது அவருடைய ஒழுங்கு, விற்பவரே வற்புறுத்தினால் எழுதிய மேல் எல்லைக்குக் குறையாமல் கொடுப்பாராம். என் லூகாஸை அவர் ஆசையோடு பார்த்தது எனக்குத் தெரியும், ஆனால் தருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயால் மட்டும் சொல்லும் 1000 ரூபாச் சேவைக்கு இந்த ஒழுங்கு கிடையாது, ஆகவே விற்கும் எண்ணம் இருந்தால் எழுதியே வாங்குங்கள்.

போவதென்றால் காலையில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு ஓட்டோ வேலை நிறைந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டியிருக்கும். விளக்கைக் கழுவாமல், துடைக்காமல், கிடந்த தூசியோடு கொண்டு போங்கள், பற்றரியில் கொடுத்துப் பார்க்காதீர்கள், கழன்ற ஆணி, உடைந்த மூடித்துண்டு, பழைய ரப்பர் வளையம் எதையும் எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளையில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ வருகிறவர்கள் அன்றே முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று நம்பி வரவேண்டாம், விளக்கை வைத்துவிட்டுப் போக நேரும். வைக்கும்போது ரசீதுத் துண்டு கேளுங்கள், தகட்டில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதித் தருவார்.